மேட்டுக்கு இந்தப் பக்கம்

ஓடையில் கழிவுநீர் எங்கிருந்து கலக்கிறது என்பது மட்டும் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பிடிபடவில்லை.

நாத்தனார் ஓடை கடலில் சேரும் இடத்தில் சிப்பி வளர்க்கிறாள். தண்ணீரில் கழிவுக் கிருமி இருப்பதாகச் சொல்லி, சிப்பி எடுக்க அதிகாரிகள் தடை போட்டுவிட்டார்கள். மாத முடிவுக்குள் காரணம் தெரியாவிட்டால் உரிமமே போய்விடும்.

அண்ணிக்குத் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. வழி அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கழிப்பறையில் சாயத்தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வீட்டுக் கழிவு ஓடைக்கு வருகிறதென்றால் ஓடை பச்சையாகும். ஆகாவிட்டால் அடுத்த வீடு.

எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. கூரை முகட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறதல்லவா? ஊர் நடுவிலுள்ள மேட்டிலும் அப்படித்தான். இந்தப் பக்கம் விழுவது ஓடைக்கு, அந்தப் பக்கம் விழுவது ஆற்றுக்கு. தண்ணீர் மேடேறி வராது. ஆகவே இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் போதும்.

பார்த்தாயிற்று. ஒன்றுதான் பாக்கி.

அந்த வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். இருவரும் ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த மனிதர் மட்டும் மாட்டட்டும், அவருடைய மானத்தை எந்தெந்தத் தெருவில் வைத்து வாங்குவேன் என்று நாத்தனார் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாதியில் நிறுத்தினாள்.

பாலத்துக்கு அடியில், தண்ணீரில் ஒரு பச்சை நூல்.

நூல் நாடாவானது. நாடா விரிந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு கரைக்குக் கரை பரவியது.

நாத்தனார் செருப்போடு ஓடைக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தாள். விரலெல்லாம் பச்சை.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"அந்த ஆளு இன்னும் வீட்டுக்கே வரலையே அண்ணி. அப்ப நீங்க சாயத்த எங்க போட்டீங்க?"

அண்ணி மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். வாய் பிரித்திருந்தது. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"புதுப் பொட்டலம். கடைக்காரன் ஏமாத்திட்டானோன்னு காலைல ஒரு சிட்டிகை போட்டுப் பாத்தேன். நம்ம வீட்ல."

இருவரும் ஒன்றாகக் குடியிருக்கும் அந்த வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம்.

ஈரச் செருப்போடு வீட்டுக்கு ஓடினார்கள். கொல்லையில் கழிவுத் தொட்டியின் மூடியைப் புரட்டினார்கள். தண்ணீர்தான் மேடேறாது, குழாய்க்கு என்ன வந்தது? யாரோ எந்தக் காலத்திலோ பதித்த குழாய் ஒன்று, மேட்டைக் குடைந்துகொண்டு நேராக ஓடைப் பக்கம் போனது.

அன்று மாலையே அந்தக் குழாயின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்து, வீட்டுக் கழிவைத் தெருவின் பாதாளச் சாக்கடையோடு இணைத்தார்கள். அடுத்த பரிசோதனையில் ஓடை சுத்தமாக இருந்தது.