பேட்டரிக்கு ஒத்தடம்

“பேட்டரி செத்துடுச்சு” என்றார் மச்சான், நாடி பிடித்துப் பார்த்தவரைப் போல. சாவியை இன்னொரு முறை திருகினார். கார் முனகக்கூட இல்லை.

பின் சீட்டில் நூலகரின் மனைவி மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். டிக்கியில் அவளுடைய இரண்டு பெட்டிகள். நூலகர் கார் நிறுத்தத்தின் தூணோரம், தூணைப் போலவே நின்றார்.

மச்சான் மருந்துக் கடைக்காரர். “வந்து கூட்டிட்டுப் போ அண்ணா” என்று தங்கை போனில் அழுததும் கடையைப் பூட்டிவிட்டு நேற்று சாயங்காலமே வந்துவிட்டார். தன் ஊரில் அவளுக்கு ஒரு வேலைகூடப் பார்த்து வைத்திருந்தார். இந்தத் தடவை போனால் திரும்பமாட்டாள் என்பது நூலகருக்குத் தெரியும்.

சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அதுதான் சண்டை. ‘அமைதி காக்கவும்’ என்று நூலகச் சுவரில் எழுதியிருப்பதை இவர் வீட்டிலும் கடைப்பிடிக்கிறார் என்பது அவள் புகார்.

“மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா மச்சான்?”

“தலைவலிக்கு யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா? வீட்டு வைத்தியமே போதும், மாப்ள. தலைவலி மாத்திரை இருக்கா?”

“யாருக்கு?”

“பேட்டரிக்குத்தான். பொடி பண்ணிப் போட்டா எழுந்து உக்காந்துடும்.”

நூலகருக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியும். வாகன அறிவு அத்தோடு சரி. மாடிக்கு ஓடியவர் வெறுங்கையோடு திரும்பினார்.

“கண்ணாடி பீரோல, என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள” என்றாள் மனைவி, முன் சீட்டின் முதுகைப் பார்த்து.

“அவர் தேடி எடுக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். நீயே போ” என்று மச்சான் அதட்டினார்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. அழுது வீங்கிய கண்களை நூலகர் அப்போதுதான் பார்த்தார்.

“கதவைச் சாத்தும்மா! லைட்டு எரியுது பாரு. இருக்கிற உயிரும் போயிடும்.”

நூலகரும் அவள் பின்னாலேயே மாடி ஏறினார். சமையலறையில் அவள் இடிகல்லைப் பிடித்துக்கொள்ள, நூலகர் மாத்திரையை இடித்தார். “மெதுவா. என் விரல்” என்றாள். “ம்” என்றார். பொடியைப் பொட்டலமாக மடித்தார்கள்.

மச்சான் பொட்டலத்தோடு பானெட்டுக்குள் குனிந்தார். நிமிர்ந்தார். சாவியைத் திருகினார். சத்தமில்லை.

“இந்த மருந்து கேக்கல. கொஞ்சம் பேதி உப்பு கொண்டா.”

“பேட்டரிக்கு எதுக்குண்ணா பேதி உப்பு?”

“அடைப்புன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மறுபடி இருவரும் மாடி ஏறினார்கள். இந்த முறை இறங்கி வரக் கொஞ்சம் நேரமானது. உப்புப் பொட்டலமும் பானெட்டுக்குள் போனது. பேட்டரி மசியவில்லை.

“உடம்பு சில்லுனு கிடக்கு. ஒத்தடம்தான் வழி” என்றார் மச்சான். “வெந்நீர்ப் பை கொண்டுவந்து ஆளுக்கொரு பக்கம் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது.”

பை வந்ததும் அவர் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தூக்கி நிறுத்திய பானெட் அவரை மறைத்தது. இந்தப் பக்கம் இரண்டு முகங்கள், நடுவில் பேட்டரி.

“இவர்கிட்டயா அந்த ஊரே மருந்து வாங்குது?” என்று நூலகர் மெல்லக் கேட்டார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

“கை சுடுதா?”

“சுடுது.”

“என் பக்கம் தள்ளு.”

தள்ளினாள். சூடு இருவர் முகத்திலும் அடித்தது.

“நீ போயிட்டா…” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

“போயிட்டா? சொல்லுங்க. இது ஒண்ணும் லைப்ரரி இல்ல.”

“மாத்திரை எங்க இருக்குன்னு தெரியாது.”

“அவ்வளவுதானா?”

அவர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்புறம் நான் யார்கிட்ட பேசாம இருப்பேன்?”

வெந்நீர்ப் பைமேல் ஒரு சொட்டு விழுந்தது.

“போகாத” என்றார் நூலகர்.

மூக்கை உறிஞ்சினாள். “அண்ணாகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது?”

“நான் சொல்றேன்.” சொன்னவர் அண்ணாந்து, அந்தக் கட்டடம் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார். “மச்சான், இவ வரல!”

தூணடியில் தூங்கிய பூனை எழுந்து ஓடியது.

மச்சான் இறங்கி வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ஏம்மா, வேலை மெனக்கெட்டு வந்தவன் நான் என்ன கேனயனா?” என்று தங்கையைக் கடிந்துகொண்டார். பெட்டிகளை அவரே இறக்கி மாடிப்படியருகே வைத்தார்.

“கார் கிளம்பலயே மச்சான், எப்படிப் போவீங்க?” என்றார் நூலகர். “இப்பவாவது மெக்கானிக்கை…”

மச்சான் சட்டைப் பைக்குள் கை விட்டார். மாத்திரைப் பொட்டலமும் உப்புப் பொட்டலமும் மடிப்புக் குலையாமல் வெளியே வந்தன. “வீணாக்காத, உள்ள வை” என்று தங்கையிடம் கொடுத்தார். கடைசியாக, விரல் நகம் அளவில் ஒரு ஃபியூஸ் வந்தது.

அதை அதன் இடத்தில் அழுத்தி, பானெட்டை மூடி, சாவியைத் திருகினார். ஒரே திருகலில் கார் கிளம்பியது.

ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“நேத்து ராத்திரியே கழட்டிட்டேன் மாப்ள, நீங்கதான் ரொம்ப லேட்டு.”