மைதீன் கனிக்கு ஒரு விருந்து

“ஏட்டி, வந்த ஆளுக்கு ஒரு சாயா போதாதா? இலை போட்டு விருந்தா வைக்கணும்?” அடுக்களை வாசலில் நின்று சிடுசிடுத்தான் சிஜின்.

“உங்ககிட்ட சொல்லிப் பாத்தாச்சு. இனி நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் அவன் மனைவி ஜாஸ்மி. “அவரு சாப்பிடாம எந்திரிக்கக் கூடாது.”

கூடத்தில் மைதீன் கனி வறுவலை மொறுமொறுவென்று தின்றார். சாலட்டும் தேங்காய் போட்ட துவரன் பொரியலும் சோறும் ருசித்தன. கறிக்கிண்ணம் வந்ததும் கை நின்றது.

“குறை நினைக்காத மக்களே, இறைச்சி அறுத்தது யாரு?”

“இறைச்சியே இல்ல பாய். சக்கைப் பிஞ்சு.”

பலாப்பிஞ்சு என்று நம்பவே முடியாமல் அவர் மறுபடியும் கேட்டு வாங்கினார்.

“வறுவலும் சக்கைதான். சாலட்டுல சுளை, துவரன்ல கொட்டை.” ஜாஸ்மி பாயசத்தை வைத்தாள். “இது பழம்.”

“எல்லாம் ஒரே மரத்துலயா? எந்த மரம்?”

ஜாஸ்மி ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். பின்வாசல் பலாமரத்தில் அவருடைய ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க வெட்ட வந்த மரம்தான் பாய்.”

மைதீன் கனி பாயசத்தை வழித்துக் குடித்தார். கை கழுவிவிட்டுப் பின்வாசலுக்குப் போனார்.

“ஏலே, கயித்த அவுருங்கலே! வாளை வண்டியில ஏத்துங்க!”

“பாய், அங்கதான் கார் ஷெட் போடணும்!” சிஜின் பதறினான்.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யச் சொல்லுதியா மக்கா? காரு வெயிலில நிக்கட்டு. அது காய்க்கவா போகுது?”