பக்கத்து வீட்டு ஆர்மோனியம்

"பொண்டாட்டிக்கு ஒரு கை விளங்காமப் போச்சுன்னா, அவளோட ஆர்மோனியத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல கொடுத்துடுவாங்களா? நீயே சொல்லு மோகனா!"

கங்கா போனில் கேட்ட கேள்வி இது. தங்கை மோகனா, "அத்தான் அப்படிப்பட்டவர் இல்லையேக்கா..." என்று இழுத்தாள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

பொய் இல்லைதான். கோலசிலாங்கூர் தாமான் குடியிருப்புக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை என்றால் கங்காவின் பாட்டும் ஆர்மோனியப் பெட்டியும்தான். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்தபோது லோரியில் ஏற்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பெட்டி அது. வலது கை கட்டைகளில் ஓடும், இடது கை துருத்தியை அசைக்கும். போன தைப்பூசம் முடிந்த கையோடு பக்கவாதம் வந்து இடது கையைச் சுருட்டிப் போட்டுவிட்டது.

அதிலிருந்து பாட்டும் போச்சு. வேறு ஆள் துருத்தி அசைத்தால் பெட்டிக்கு விக்கல் எடுத்தது. கோயிலில் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை வைத்துப் பாடச் சொன்னார்கள். "என் பெட்டிக் குரல் கேட்டாத்தான் எனக்குத் தொண்டை திறக்கும்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வாசிக்க முடியாவிட்டாலும் பெட்டி மூலையில் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல். போன வாரம் பார்த்தால் மூலையும் காலி.

"பெட்டி எங்கங்க?"

புருஷன் நல்லசாமி சட்டைப் பொத்தானைப் போட்டபடி சுவரைப் பார்த்துச் சொன்னார். "சும்மாதானே கெடக்குது. எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு?"

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் பேசுகிற பேச்சா இது!

யாரிடம் கொடுத்தார் என்பதற்கு மறுநாளே பதில் வந்தது, சுவர் வழியாக.

பக்கத்து வீட்டு ரூபினியின் அறையில் ஆர்மோனியச் சத்தம். ஒரே ஒரு கட்டை. மெதுவாக ஒரு தடவை. கொஞ்சம் அழுத்தமாக ஒரு தடவை. ஓங்கி ஒரு தடவை. அப்புறம் அடுத்த கட்டை. பெற்ற பிள்ளையின் அழுகை தாய்க்குத் தெரியாதா? அவளுடைய பெட்டியேதான்.

ரூபினி கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இசை போடுகிற பெண். அப்படிப்பட்டவள் ஒழுங்காக ஒரு பாட்டாவது வாசிக்கக் கூடாதா? காலையிலிருந்து மதியம் வரை பாட்டுமில்லை, ராகமுமில்லை. ஒத்தைக் கட்டையையே பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

நல்லசாமியின் போக்கு அதைவிட விசித்திரம். பாசிர் பெனம்பாங் மீன் கடைக்கு வேலைக்குப் போகிறவர், மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் பெரிய ரோட்டு வரை தள்ளிக்கொண்டே போனார்.

"பெட்ரோல் இல்லையாங்க?"

"இருக்கு லா."

"அப்புறம் ஏன் தள்ளுறீங்க?"

"காலுக்கு நல்லது."

சேவலைப் பிடித்து ஜெராமில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். ஹாரன் அடித்து வந்த ரொட்டிக்காரரை மறித்துப் பின் சந்தில் போகச் சொன்னார். பிளெண்டர் போடாதே, டிவி சத்தத்தைக் குறை என்று அவளுக்கும் உத்தரவு.

அந்தப் பெண் நாள் முழுக்கச் சத்தம் போடலாம், நாம் மூச்சுவிடக் கூடாதா? இந்த மனுஷனுக்கு என்னதான் ஆச்சு?

சனிக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. வேலியோரம் நின்று கத்தினாள்.

"ஏம்மா ரூபினி, வாசிக்கத் தெரியலன்னா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடும்மா! இப்படி ஒத்தக் கட்டையைப் போட்டு வதைக்காதே. என்னால கேட்க முடியல."

ரூபினி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து திருதிருவென்று விழித்தாள். "ஆன்ட்டி... அங்கிள் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரே! சும்மா கெடக்குதுன்னு சொன்னாரு!"

ரூபினி கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன் ஆன்ட்டி. ப்ளீஸ், இன்னிக்கு மட்டும் கத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் கட்டைதான் பாக்கி."

பாக்கியாம்! கங்கா அழுதுகொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் நல்லசாமி பெட்டியைத் தோளில் சுமந்து வந்து அதே மூலையில் வைத்தார். பின்னாலேயே ரூபினி, ஒரு கீபோர்டும் லேப்டாப்புமாக.

"அலுத்துப் போச்சாக்கும்?" கங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரூபினி கீபோர்டை அவள் முன்னால் மேசையில் வைத்து, வயர்களைச் சொருகினாள். "எதையாச்சும் ஒரு கட்டையைத் தொடுங்க ஆன்ட்டி."

கங்கா வேண்டாவெறுப்பாக ஒரு விரலால் அழுத்தினாள்.

அவள் பெட்டி பேசியது. அதே குரல், அதே லேசான கரகரப்பு. மெல்லத் தொட்டால் மெல்ல, அழுத்தினால் கணீரென்று. திரும்பி மூலையைப் பார்த்தாள். பெட்டி மூடியபடி இருந்தது.

"ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி இதுல ஏத்தியிருக்கேன் ஆன்ட்டி. பழைய வாத்தியங்களை இப்படித்தான் இப்ப மியூசிக்ல கொண்டு வர்றோம். நடுவுல வேற சத்தம் விழுந்தா மறுபடியும் எடுக்கணும். மோட்டார், சேவல், ஹாரன் எல்லாத்தையும் அங்கிள்தான் அடக்கி வெச்சாரு."

கங்கா புருஷனைப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆசை காட்டிட்டு, சரியா வராமப் போயிருந்தா? நீ இன்னொரு தடவை ஒடஞ்சு போயிருப்ப." நல்லசாமி தலையைச் சொறிந்தார். "வாயில வந்ததைச் சொல்லிச் சமாளிச்சுட்டேன்."

கங்காவுக்கு இன்னும் விளங்கவில்லை. "அதான் பெட்டி இருக்கே. அதே சத்தத்தை இதுல ஏத்தி, நான் என்னங்க செய்யப் போறேன்?"

நல்லசாமி அவளுடைய விளங்காத இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதுக்குத் துருத்தி அசைக்க வேணாம் கங்கா. ஒரு கை போதும்."