பெட்டிக்காரருக்கு மேடையில் இடம்

மேடையில் மொத்தம் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் கச்சேரிக்காரம்மா, அவருக்கு இடப்பக்கம் மூன்றடி தள்ளி, நீலச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டிக்காரர். 'யாருப்பா அந்தப் பெரிய மனுஷன்?' என்று கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய மனுஷனுக்கும் அது நன்றாகவே தெரிந்திருந்தது.

கச்சேரிக்காரம்மாவின் முன்னால் இருந்த வாத்தியப் பெட்டி பெட்டிக்காரர் தன் கையாலேயே செய்தது. தேக்குக் கட்டையைக் குடைந்து, உள்ளே மின்சுற்றை வைத்து, வீட்டுப் பின்னறையில் ஆறு மாதம் அதை ஒட்டியே உட்கார்ந்து சுருதி சேர்த்தார். தொடவே வேண்டாம், பெட்டிக்கு மேலே காற்றில் கையை அசைத்தால் போதும், பாடும்.

மனைவியின் அண்ணனுக்கு அந்த ஆறு மாதமும் ஒரே கேலிதான். "இது பாட்டா மாப்ள, பல்வலியா?" என்பார், அதுவும் நாலு பேர் முன்னால். பெட்டிக்காரர் சிரித்து வைப்பார், உள்ளுக்குள் எரியும். ஒரே ஒரு தடவையாவது மச்சான் வாயை அடைத்துவிட வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த லட்சியம் அது ஒன்றுதான்.

அன்று காலையில்தான் கச்சேரிக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சார், சாயங்காலம் கச்சேரி. நீங்க மேடையில என் பக்கத்துல உக்காரணும். கண்டிப்பா வரணும்!"

பெட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "அதுக்கென்னம்மா, வந்துடறேன்!"

"நீங்க எத்தனை கிலோ சார் இருப்பீங்க?"

"எண்பத்தஞ்சு."

"அப்பாடா! சரியா இருக்கும்."

நாற்காலி தாங்குமா என்பதுவரை யோசிக்கிறாரே, என்ன மரியாதை என்று நெகிழ்ந்துபோனார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, "எண்பத்தஞ்சா? அது போன வருஷம்," என்றாள். சொன்னாளே தவிர, தெரு முழுக்கச் செய்தியைப் பரப்பி, அண்ணனையும் இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்ததும் அவள்தான்.

"நடுவுல எழுந்திருக்கவே கூடாது சார்," என்று கச்சேரிக்காரம்மா மேடையேறும்போதே சொல்லியிருந்தார். எழுந்திருப்பதா? கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் பெட்டிக்காரர் எழுந்திருப்பதாக இல்லை. மூக்கு அரித்தது, கால் மரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒருமுறை, மனைவிக்குக் கையசைக்க முன்னால் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து வாத்தியம் லேசாக முனகியது. கச்சேரிக்காரம்மா திரும்பி ஒரு முறை முறைத்தார். பாவம், பதற்றம் போலிருக்கிறது, நாம் தைரியம் கொடுக்க வேண்டும் என்று பெட்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து பெரிதாகத் தலையாட்டினார்.

கச்சேரி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மச்சான் மேடைக்கே ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள, தெரியாம வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. மேடையிலயே உங்களுக்கு நாற்காலி போட்டுட்டாங்களே!"

பெட்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். இந்தச் சந்தோஷத்துக்கு ஆறு மாதம் என்ன, ஆறு வருடம்கூடச் சுருதி சேர்க்கலாம். மச்சான் காதில் நன்றாக விழட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"என்னம்மா, இனிமே எல்லாக் கச்சேரிக்கும் என்னைக் கூப்பிடுவீங்க இல்ல?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு சார் அந்தச் சிரமம்?" என்றார் கச்சேரிக்காரம்மா, வியர்வையைத் துடைத்தபடி. "நீங்க ஒட்டி உக்காந்தே சுருதி சேத்துட்டீங்க. அதனால பக்கத்துல ஒரு ஆள் கனத்துக்கு ஏதாவது இருந்தாதான் பெட்டி ஒழுங்காப் பாடுது. ஒத்திகை பூரா அந்த இடத்துல தண்ணி டிரம்தான் வச்சிருந்தேன்."

மச்சானின் பிடி மெல்லத் தளர்ந்தது. "அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கும்மா இவரு?"

"காலைல டிரம் ஒழுகிடுச்சு சார்."