ரம்பத்துக்குக் காவல்

மர மில்லில் ரம்பத்தின் மேலிருந்த இரும்பு மூடியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். அது இருந்தால் வேலை ஓடவில்லையாம். ஆயுத பூஜையன்று ரம்பத்துக்கு நேர் மேலே ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"கவலைய விடுங்கண்ணே. மரம் அறுக்கிற கொளஞ்சிக்கு மிச்சமிருக்கிற ஒன்பது விரலுக்கும் இனிமே நான் பொறுப்பு" என்றது பழம்.

"முதல்ல உன் நூலைப் பாரு தம்பி" என்றது மூடி.

மூன்றாம் நாளே நூல் அறுந்தது. பழம் ரம்பத்தில் விழுந்து இரண்டு துண்டானது. சாறு கொளஞ்சியின் கண்ணில் தெறித்தது.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நமக்கு வந்த கண்டம் பழத்தோட போச்சுடா."

பிறகு நேராக மூலைக்கு வந்து மூடியைத் தூக்கினார். ஒருவழியாக நம் நினைப்பு வந்ததே என்று மூடிக்கு உள்ளம் குளிர்ந்தது.

அதை ரம்பத்தருகே கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி நின்று, புதுப் பழத்தைக் கட்டினார்.