மடக்குக் கட்டில்

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ராத்திரிக்குக் குடும்ப அறை எடுத்திருந்தோம். காலையில் வாடகைக் காரில் மலைப்பாதைப் பயணம். என் மாமனார் வருஷக்கணக்காக ஆசைப்பட்ட பயணம். "அடுத்த லீவுக்குப் பாக்கலாம்ப்பா" என்று என் வீட்டுக்காரர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மாமா காத்திருக்கவில்லை, போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அறையில் எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் இருவருக்குமான கட்டில்களோடு, கதவோரம் ஒரு மடக்குக் கட்டிலும் விரித்திருந்தது.

"நாங்க நாலு பேர்தானேங்க?" என்றார் இவர்.

"அஞ்சுன்னு போன்ல சொன்னாங்களே சார். வயசானவர் குரல்" என்றார் விடுதிக்கார அம்மா.

"வேற யாராவதா இருக்கும். எடுத்துடுங்க, பெட்டி வைக்கக்கூட இடமில்ல."

அந்த அம்மா கட்டிலை மடக்கி உருட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கினோம். செருப்புகளை மூலைக்கொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, அடித்துப்போட்டாற்போல் தூங்கினோம்.

விடிந்து பார்த்தால், நான்கு ஜோடியும் கதவைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. பயணத்துக்கு முன் மாமாதான் அப்படி வைப்பார். கிளம்பும் நேரத்தில் யாரும் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது அவருக்கு.

"நீயா வெச்ச?"

"நான் இப்பதானே எழுந்திரிக்கிறேன்."

பிள்ளைகள் இன்னும் தூக்கத்தில்.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி சுவரோரம் நகர்ந்திருந்தது. அதன் சாய்வில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. ஒரு தலை அளவுக்கு அது குழிந்திருந்தது.

இவர் அந்தக் குழியில் கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"கட்டிலையாவது விட்டிருக்கலாம்டி" என்றார்.