டைப்ரைட்டர் விலை

"யோவ், கையை எடு! வாங்கறதா இருந்தா தொடு!"

கடைக்காரக் கிழவர் கன்னியப்பன் போட்ட சத்தத்தில் ஜெஸ்டின் விரலை இழுத்துக்கொண்டான்.

அரியாங்குப்பத்தில் பழைய சாமான் கடை. துருப்பிடித்த ஃபேனுக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவில் அது கிடந்தது. வேகா 64!

பார்க்கத் தடித்த கீபோர்டு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரே அதற்குள்தான். டி.வி.யில் சொருகினால் ஓடும். புரோகிராமைச் சாதாரண பாட்டு கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். கம்பெனியை மூடி முப்பது வருஷம் ஆயிற்று. போன மாசம் யாரோ அந்தப் பெயரை வாங்கி, அதே மிஷினை மறுபடி விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அதன் பைத்தியங்களுக்குத் தூக்கம் இல்லை. பழைய ஒரிஜினலுக்கு ஆன்லைனில் நாற்பதாயிரம்!

ஜெஸ்டினும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தன். நாற்பத்தாறு வயசில் முதல்முறையாக ஒரு ஒரிஜினலை நேரில் பார்க்கிறான். ஆனால் முகத்தில் காட்டுவானா?

"என்னங்கண்ணா இது, டைப்ரைட்டரா?"

"அப்படித்தான் இருக்கும். எனக்கென்ன தெரியும்? சொல்தா ஒருத்தர் ஃபிரான்சு பட்டாளத்துலேர்ந்து வந்தப்போ கொண்டாந்தாராம். அவரு வீட்டைக் காலி பண்ணப்போ எடைக்கு எடுத்தது."

"ஓடாதுங்கண்ணா இது. குப்பை. வீட்டுல குழந்தை விளையாட ஆகும். ஐந்நூறு தரேன்."

வாய் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் மறுபடி அதன்மேல் ஊர்ந்தன. ஒவ்வொரு கட்டையாக, வலிக்குமோ என்கிற மாதிரி அழுத்தினான். கர்ச்சீப்பை எடுத்து இடுக்குத் தூசியைத் துடைத்தான்.

கன்னியப்பன் இந்த முறை அதட்டவில்லை.

"ரெண்டாயிரம்."

"அடேங்கப்பா! ஓடாத சாமானுக்கா?"

"நேத்து மெட்ராஸ்லேர்ந்து கார்ல ஒருத்தன் வந்தான். கேட்ட காசு தரேன்னான். கண்ணாடிப் பெட்டியில வெச்சிப் பூட்டணுமாம். போடான்னு தொரத்திட்டேன்."

இல்லாத கார்க்காரனை எந்த வியாபாரிதான் கூப்பிடவில்லை? ஜெஸ்டின் மனசுக்குள் சிரித்தான்.

பேரத்தில் ஒரு வித்தை இருக்கிறது. பாதியில் எழுந்து போய்விட வேண்டும். மறுநாள் வேண்டாவெறுப்பாக வந்து நிற்க வேண்டும். ஆசையைக் காட்டினவன் செத்தான். ஜெஸ்டின் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராத்திரி பூரா புரண்டது வேறு கதை.

மறுநாள் காலை.

"இந்தப் பக்கமா வந்தேன். இருக்கா அந்த டைப்ரைட்டரு?"

கன்னியப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஐந்நூற வெச்சிட்டு எடுத்துக்கினு போ. அந்த டேப் ரெக்கார்டரையும் தூக்கு, எடத்த அடைக்குது. உள்ள ஏதோ பாட்டு கேசட்டு கெடக்கு."

அன்று சாயந்திரம் உப்பளம் ஏரியாவில் விக்டர் வீடு. வேகா பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். பார்சலில் வந்த புது வேகாவை மேஜைமேல் வைத்து, கோயில் சுரூபத்தைச் சுற்றி நிற்கிற மாதிரி நின்றார்கள். அதன் பக்கத்தில் ஜெஸ்டின் தன் பழசை இறக்கினான்.

புதுசை விட்டுவிட்டு எல்லோரும் பழசைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டேய்... நெசமாவாடா?" என்றான் விக்டர்.

"ஐந்நூறு! டைப்ரைட்டரான்னு கேட்டேன், அப்படித்தான் இருக்கும்கறான் அந்தக் கெழவன்!"

வீடே சிரித்தது. பூர்ணிமா மட்டும் முகம் சுளித்தாள்.

"ஜெஸ்டின், அந்தக் கடைக்காரரு பாவம். வயசானவரு."

"பேரத்துல பாவம் என்ன பாவம்? சரக்கோட மதிப்பு தெரியாதது அவன் தப்பு."

விக்டர் நாலு திருகாணியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தான்.

"நாப்பது வருஷத்து மிஷின். பொட்டுத் தூசி இல்ல. எவனோ உள்ள சுத்தமா தொடச்சி வெச்சிருக்கான்டா."

"அந்த சொல்தாவா இருக்கும். நீ கரெண்டைக் குடு."

டி.வி.யில் சொருகினார்கள். ஜெஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினான்.

நீலம்! திரை முழுக்க நீலம்! ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் கண் சிமிட்டியது. இவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்னால் செய்த மிஷின், என்ன வேணும் கேள் என்று காத்துக்கொண்டிருந்தது. விக்டர் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அந்தக் கேசட்டைப் போடேன்" என்றாள் பூர்ணிமா.

"அது பாட்டு கேசட்டாம்."

"போடு, பாப்போம்."

போட்டார்கள். பாட்டு வரவில்லை. கீச்சென்று ஒரு இரைச்சல். கேட்டதும் எல்லோருக்கும் புல்லரித்தது. புரோகிராம் ஏறுகிற சத்தம்! திரையின் ஓரமெல்லாம் கலர் கலராகக் கோடுகள் ஓடின.

இரைச்சல் நின்றது. திரையில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. இங்கிலீஷ் எழுத்தில் கோத்த தமிழ்.

'தம்பி, டைப்ரைட்டர் டி.வி.யில ஓடுதா?'

ஜெஸ்டின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அடுத்தடுத்து விழுந்த வரிகளைப் பூர்ணிமாதான் வாய்விட்டுப் படித்தாள்.

'நீ போன பெறவு இதை அடிக்கிறேன். முப்பது வருஷமா கடை சாத்துனதும் இதுலதான் உக்காருவேன். இப்ப கண்ணு மங்கிப்போச்சி. வெல எனக்கும் தெரியும். கார்க்காரன் பூட்டி வெப்பான்.

உன் வாய் பொய் சொல்லுச்சி. உன் விரல் சொல்லல.

விரலுக்குத்தான் குடுத்தேன்.'